சாகாத காதலுக்குச் சாட்சி கேட்கிறார்கள்

அய்ரோப்பாவில் ஒரு நகரத்தில் காதல் நாவல்களுக்கென்றே நடந்த மாநாட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்படியெல்லாம் மாநாடு நடக்கும் என்பதே அழைப்பு வந்தபோதுதான் எனக்குத் தெரியும். எங்கம்மாவிடம் சொன்னேன். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் அச்சில் மண் ஊற்றி, காய்ந்ததைப் பிசிறு சீவி, இருபது வருசம் கையைத் தேய்த்துக்கொண்டவர் அவர். “காதலப் பத்திப் பேசறதுக்கா ஏரோப்ளான்ல கூப்புடுறாங்க? இங்க அதச் செஞ்சா வெட்டுறானுவ” என்றார். அந்த மாநாட்டைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. அங்கே என்னிடம் கேட்டதையேதான் இங்கே பதிப்பாளரும் விமர்சகரும் நம்முடைய தோழர்களும் வேறு வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் நான் எழுதிய நாவலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன நாவல். பீங்கான் கம்பெனிக்கு வேலைக்கு வரும் ஊர்த்தெருப் பெண்ணும், லேத் பட்டறையில் வேலை செய்யும் காலனிப் பையனும் விரும்புகிறார்கள். ஓடிப் போகிறார்கள். பயப்படுகிறார்கள், பட்டினி கிடக்கிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் பெயரும் போட்டு ஒரு ரேசன் கார்டு வாங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதில் சில அத்தியாயங்களை நண்பர் ஒருவர் இங்கிலீசில் பெயர்த்தார். அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

அந்த வகை எழுத்துக்கு மேல்நாட்டில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் சங்கம் தன் வரையறையாகவே அதைச் சொல்லியிருக்கிறது: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவாக, நம்பிக்கை தருவதாக இருக்க வேண்டும். அழவைத்து முடித்தால் அது நாவலாக இருக்கலாம், காதல் நாவல் ஆகாது. நான் போன மாநாட்டிலும் இதே பேச்சுதான். வந்திருந்த நாவலாசிரியைகள் ஒவ்வொருத்தரிடமும் எவ்வளவு ரசனையாகக் கேட்டார்கள்! காதலர் முதலில் சந்திக்கிற இடத்தை எப்படித் தேர்வு செய்கிறீர்கள்? பிணக்கை எத்தனையாவது அத்தியாயத்தில் வைப்பீர்கள்? முத்தத்தை எழுதும்போது வாசகரை எங்கே நிறுத்துவீர்கள்? எனக்கும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தது. இரவெல்லாம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

என் முறை வந்தது. “உங்கள் பகுதியில் வருசத்துக்கு எத்தனை பேரைக் கொல்கிறார்கள்?” என்றார் அமர்வை நடத்தியவர். இரண்டாவது கேள்வி: “கொலை நடக்கிற ஊரில் இவர்கள் பிழைத்துக்கொள்வது நம்பும்படி இல்லையே?” மூன்றாவது கேள்வி சபையிலிருந்து வந்தது: “உண்மையை மறைத்துவிட்டீர்களோ?”

பணக்காரக் கோமகன் ஏழை ஆசிரியையைக் கட்டிக்கொள்வதை நம்புகிறார்கள். பேய் மனுசியைக் காதலிப்பதை நம்புகிறார்கள். பறப் பையனும் படையாச்சிப் பெண்ணும் ரேசன் கார்டு வாங்குவதை மட்டும் நம்ப முடியவில்லை. எல்லோருக்கும் கட்டாயமாக வைத்திருக்கிற சுபமுடிவுக்கு என்னிடம் மட்டும் சாட்சி கேட்டார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். அன்பாகத்தான் கேட்டார்கள், கண்ணில் நீர்கூட வைத்துக்கொண்டார்கள். அந்த அன்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏன் அப்படி என்று யோசித்தால், நம்மிடமிருந்து அங்கே போனதெல்லாம் என்ன என்று பார்க்க வேண்டும். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது, 2000இல் இங்கிலீசுக்குப் போனது. விருத்தாசலத்தில் இருக்கிற இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது, 2001இல் போனது. இரண்டும் போக வேண்டிய புத்தகங்கள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவற்றைக் கேட்டு வாங்கியவர்கள் ஒரு பழக்கத்தையும் உண்டாக்கிக்கொண்டார்கள். தலித் என்றால் காயத்தைக் காட்ட வேண்டும். தலித் எழுத்து என்றால் வாக்குமூலம். வாக்குமூலம் கொடுக்கிறவளுக்குக் கற்பனை செய்ய உரிமை கிடையாது. நம் சோகத்துக்கு அங்கே சந்தை இருக்கிறது. நம் சிரிப்புக்கு இன்னும் விலை வைக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் ஒரு கறுப்பினப் பெண் நாவலாசிரியை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்னிடமும் முதலில் அடிமை வியாபாரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். பழகிப் போகும், ஆனால் பழகிக்கொள்ளாதே” என்றார். அவர்தான் அந்த அமெரிக்கச் சங்கத்தின் கதையைச் சொன்னார். ஊருக்கு வந்ததும் தேடிப் படித்தேன். நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

அந்தச் சங்கம் 1980இல் டெக்சாசு மாநிலத்தில் ஊசுடன் நகரில் தொடங்கியது. தொடங்கியதில் முக்கியமானவர் விவியன் சுடீபன்சு என்ற கறுப்பினப் பெண் பதிப்பாசிரியர். கறுப்பினக் காதலர்களைப் பற்றிக் கறுப்பினப் பெண் எழுதிய காதல் நாவலை 1980இலேயே ஒரு பெரிய நிறுவனத்தின் வரிசையில் கொண்டுவந்தவரும் அவரே. சங்கம் வளர்ந்தது, ஆயிரக்கணக்கில் உறுப்பினர் சேர்ந்தார்கள். வருசா வருசம் மாநாடு, விருந்து. ‘ரீட்டா’ என்று ஒரு விருது வைத்தார்கள், முதல் தலைவரின் பெயரில். அந்த விருது ஒரு கறுப்பின எழுத்தாளருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 2019இல். கறுப்பினப் பெண் கை வைத்துக் கட்டிய வீட்டில் கறுப்பினப் பெண்ணுக்கு நாற்காலி போட 39 வருசம். அதே 2019 டிசம்பரில், ஒரு நாவலில் சீனப் பெண்களைச் சித்திரித்த விதம் இனவெறி என்று வெளிப்படையாகச் சொன்ன கார்ட்னி மிலன் என்ற எழுத்தாளர்மீது சங்கம் நடவடிக்கை எடுத்தது. கூச்சல் கிளம்பி நிர்வாகிகள் ராசினாமா செய்தார்கள், அடுத்த வருச விருது நின்றது. பிறகு விருதுக்கு விவியன் பெயரையே வைத்தார்கள். 2021இல் முதல் தடவை கொடுத்தபோது, பூர்வகுடி மக்களைப் படுகொலை செய்த படைக்காரனைக் கதாநாயகனாக்கிய நாவலுக்கும் ஒன்று போய்ச் சேர்ந்து, எதிர்ப்பு வந்து, திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2024 மே மாதம் சங்கம் திவால் மனு போட்டது.

காதல் என்று பேசுகிற இடத்தில் அரசியலுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கட்டும். யார் யாரைக் காதலிக்கலாம், யாருடைய காதல் நிறைவாக முடியலாம் என்று விதி வைப்பதைவிடப் பெரிய அதிகாரம் எது?

மாநாட்டின் இரண்டாம் நாள் தமிழ்க் காதலைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசினார். ஏ.கே. ராமானுசன் சங்க அகப் பாடல்களை மொழிபெயர்த்து 1967இல் போட்ட புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு குறிஞ்சி, முல்லை என்று உருகினார். தமிழர்கள் இரண்டாயிரம் வருசமாகக் காதலின் மக்கள் என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து ஒன்று கேட்டேன்: அந்த நிலத்தில் உழுதவர்கள் காதலித்தார்களா?

தொல்காப்பிய அகத்திணையியல் என்ன சொல்கிறது? அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைப்பட்டவர்களும் ஏவின வேலையைச் செய்கிறவர்களும், அன்பின் அய்ந்திணைக்குப் புறத்தே வைக்கப்படுகிறார்கள். உரைகாரர்கள் இன்னும் தெளிவாகக் கோடு போட்டுவிட்டார்கள்: அவர்களுக்குக் கைக்கிளையும் பெருந்திணையும் போதும். ஒருதலைக் காதல், பொருந்தாக் காதல். ஒத்த அன்பு தலைமக்களுக்கு. உழுகிறவரும் பறையும் அந்த இலக்கணத்தில் கருப்பொருள் ஆகிறார்கள், பறவை மரத்தோடு சேர்த்து. தலைவனும் தலைவியும் கூடுகிற மருதத்துக்கு நாங்கள் காட்சி. வகுப்பில் இந்த நூற்பாவை நடத்தின அன்று நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் பொருள் சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார். எனக்கு இன்னும் அங்கிருந்து நகர முடியவில்லை. வினைவலர் காதலித்தால் அது பொருந்தாது என்று அன்றைக்கு ஏட்டில் எழுதியதை இன்றைக்கு அரிவாளால் எழுதுகிறார்கள். இதைச் சொன்னேன். பேராசிரியர் ‘சுவாரசியமான கருத்து’ என்றார்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். எங்க ஊர் கருவேப்பிலங்குறிச்சி விருத்தாசலம் பக்கம். அதே பக்கம்தான் புதுக்கூரைப்பேட்டை. குப்பநத்தம் புதுக்காலனி முருகேசனும் புதுக்கூரைப்பேட்டை கண்ணகியும் 2003 மே 5ஆம் தேதி கடலூரில் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள். முருகேசன் கெமிக்கல் எஞ்சினியரிங் படித்தவர். சூலை 8ஆம் தேதி இரண்டு பேரையும் ஊர் பார்க்கக் கொன்று எரித்தார்கள். எப்படிக் கொன்றார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. அதைத்தான் எல்லோரும் எழுதினார்கள்.

நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அம்மாக்கள் எல்லாம் பெண் பிள்ளைகளைவிட ஆம்பளைப் பிள்ளைகளைத்தான் அன்றைக்கு வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். “எந்தப் பொண்ணு பேசனாலும் தலையக் குனிஞ்சிகினு வந்துடு” என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. காதலைப் பற்றி எங்கள் தெரு படித்த முதல் பாடம் அதுதான்.

பிறகு நடந்ததைக் கணக்காகச் சொல்கிறேன். முதலில் போலீசு போட்ட வழக்கில் செத்தவன் தரப்பு ஆட்களையே கொலையாளிகளாகவும் சேர்த்தார்கள். 2004இல் வழக்கு சி.பி.அய்.க்குப் போனது. 2021 செப்டம்பர் 24ஆம் தேதி கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் போலீசுக்காரர்களும் உண்டு. ஒருவருக்குத் தூக்கு, மற்றவர்களுக்கு ஆயுள். 2022இல் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. 2025 ஏப்ரல் 28ஆம் தேதி உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஏறக்குறைய 22 வருசம். அந்தக் குடும்பம் விடாமல் நின்றதால் கிடைத்த தீர்ப்பு இது, கையெடுத்துக் கும்பிட வேண்டிய உறுதி. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் கேட்டது தீர்ப்பு இல்லையே? ஒரு வாடகை வீடு, ஒரு வேலை, ஒரு ரேசன் கார்டு.

கண்ணகி முருகேசனைப் பற்றி வந்த எழுத்தையெல்லாம் ஒன்றாக அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். அதில் அவர்கள் செத்தது பற்றி எழுதாத பக்கம் உண்டா? எப்படிப் பேசிக்கொண்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைக்க நினைத்தார்கள்? சாதி அவர்கள் உயிரை எடுத்தது. மிச்சமிருந்த வாழ்க்கையை நாம் எழுத்தில் எடுத்துவிட்டோம். இளவரசன் 2013, கோகுல்ராசு 2015, சங்கர் 2016, கவின் 2025. பெயரும் வருசமும் நமக்கு மனப்பாடம். இதே காலத்தில் சாதி மறுத்துக் கட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிற எத்தனை பேர் கதையை நாம் எழுதினோம்?

தமிழில் காதல் நாவலுக்குப் பஞ்சமில்லை. ரமணிசந்திரன் நூற்றுக்கு மேல் எழுதினார், அருணோதயம் போட்டுக்கொண்டே இருந்தது. எங்கம்மாவின் கம்பெனியில் படிக்கத் தெரிந்த பெண் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். அந்த நாவல்களை நான் கேவலமாகப் பேச மாட்டேன். மண் சீவி மரத்துப்போன கைகளுக்கு அந்த அரை மணி நேரம் தேவைப்பட்டது. என் சண்டை வேறு. அந்த மாதிரிக் கதைகளில் நாயகனுக்குத் தொழிற்சாலை இருக்கும், கார் இருக்கும், கோபம் இருக்கும். சாதி மட்டும் இருக்காது. சாதி பேசாத கதையில் எல்லோரும் என்ன சாதி என்பது வாசகருக்குத் தெரியும். எங்கம்மா கேட்ட கதையில் தொழிற்சாலை முதலாளி வந்தான். அச்சில் மண் ஊற்றுகிறவள் ஒருநாளும் வந்ததில்லை.

என் நாவலை மாத நாவலாகப் போடுவதற்கு ஒரு பதிப்பாளர் முன்வந்தார். இரண்டே திருத்தம் கேட்டார். ‘காலனி’ என்பதை ‘தெரு’ என்று மாற்ற வேண்டும். பையனுக்கு லேத் பட்டறை சொந்தமாக இருக்க வேண்டும். “சாதியைப் போட்டா குடும்பப் பொம்பளைங்க வாங்க மாட்டாங்கம்மா” என்றார். இன்னொரு பக்கம் தீவிர இலக்கியப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் படித்துவிட்டு, “பிரதி நன்றாக இருக்கிறது, முடிவு மட்டும் மிகை. யதார்த்தம் இவ்வளவு கருணையானதா?” என்றார். ஒருத்தர் சாதியை எடு என்கிறார், இன்னொருத்தர் உயிரை எடு என்கிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு தலித் காதல் நாவல் வரக்கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் சம்மதம்.

தோழர்களே, உங்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. “பொணம் விழுந்துகினு இருக்கறப்ப காதல் கதையா எழுதற?” என்று ஒரு கூட்டத்தில் மேடையிலேயே கேட்டீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சுபம் போட்டு முடித்தால், பார்த்தாயா எல்லாம் மாறிவிட்டது என்று எதிரி சொல்வான். நியாயமான பயம். அதனால்தான் நம் சுபம் அவர்கள் சுபம் மாதிரி இருக்கக்கூடாது என்கிறேன். அவர்கள் கதையில் தடை எல்லாம் மாமியாரின் மனசில் இருக்கும், மாமியார் அழுதால் தீரும். நம் கதையில் தடைக்கு விலாசம் இருக்கிறது. 1954ஆம் வருசத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யப் போனால் பெயரும் விலாசமும் போட்ட நோட்டீசு 30 நாள் ஆபீசில் தொங்கும். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். இந்த 30 நாளைவிடத் திகிலான 30 நாளை எந்த மாத நாவல் எழுதியிருக்கிறது? 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம், இப்படிக் கட்டிக்கொண்டவர்களுக்குப் பாதுகாப்பு இல்லம், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண் எல்லாம் வேண்டும் என்று அரசுகளுக்கு உத்தரவிட்டது. அந்த இல்லம் எங்கே இருக்கிறது, அதில் பாய் இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஒரு நாவலாசிரியர் போய்ப் பார்த்து எழுதட்டும். அதை எழுதினால் சுபமுடிவு கோரிக்கை மனு ஆகிவிடும். ஒரு சோடி உயிரோடு இருக்க எத்தனை கதவு திறக்க வேண்டும் என்ற பட்டியல் ஆகிவிடும். செத்தவர்களுக்குக் கேட்கிற நீதியோடு சேர்த்து, இருக்கிறவர்கள் இருப்பதற்கும் நாம் கேட்க வேண்டாமா?

இமையம் ‘பெத்தவன்’ எழுதினார். அதில் ஊர் கொல்லச் சொன்ன மகளை அப்பனே தப்பவைத்து அனுப்புகிறான். பிறகு அவன் சாகிறான். அந்தக் கதையை மதிக்கிறவள் நான். ஆனால் அந்தப் பெண் போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆனாள்? பஸ் எந்த ஊரில் நின்றது, யார் கதவைத் திறந்தார்கள்? அங்கிருந்து அடுத்த கதையை எழுத வேண்டியது நம் தலைமுறையின் வேலை.

இப்போது என் தப்பைச் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் இந்தக் கட்டுரை யோக்கியமாக இருக்காது.

என் நாவலில் வருகிற இரண்டு பேரும் முழுக் கற்பனை இல்லை. பையன் எனக்குத் தம்பி முறை. அவர்களுக்குக் கல்யாணம் ஆகிச் சில வருசம் ஆகிறது, ஊருக்கு வர முடியாமல் வேறு இடத்தில் இருக்கிறார்கள். நாவல் எழுதப் போகிறேன் என்றபோது அந்தப் பெண் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எழுதுக்கா. ஆனா கதையிலயாவது எங்களச் சாவடிச்சிடாத.” அதற்காகத்தான் அந்த முடிவு. கலைக்காகவும் இல்லை, கொள்கைக்காகவும் இல்லை.

அந்த மாநாட்டு மேடையில், நம்ப முடியவில்லை என்று மூன்றாவது தடவை சொன்னபோது எனக்கு ரோசம் வந்துவிட்டது. “உயிரோடதான் இருக்காங்க” என்று சொல்லி, அவர்கள் இருக்கிற ஊர் பெயரையும், செய்கிற வேலையையும், குழந்தைக்கு என்ன வயசு என்பதையும் சொல்லிவிட்டேன். சபை கை தட்டியது. மாநாட்டுக்காரர்கள் அச்சடித்த சுருக்கத்தில் அது அப்படியே வந்தது. நாலு மாதம் கழித்து, யாரோ படித்து, யாரிடமோ சொல்லி, எங்கள் பக்கத்து டீக்கடை வரைக்கும் அந்த ஊர் பெயர் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரியே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். குழந்தையைச் சேர்த்திருந்த பள்ளிக்கூடத்தில் கட்டிய பணம் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அந்தக் கொலையில் எனக்கும் பங்கு இருந்திருக்கும். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை நானே கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

வாக்குமூலம் கேட்கிற பசிக்கு நான் சோறு போட்டேன். தின்றது உயிரோடிருக்கிறவர்களின் வாசற்படியை. அதனால் இனி ஒரு முடிவு. மாநாடானாலும் பத்திரிகை ஆனாலும், தலித் எழுதிய காதல் நிசமா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. கோமகனுக்கு யாரும் விலாசம் கேட்பதில்லை, எங்கள் பையனுக்கும் கேட்க வேண்டாம். கதையைக் கதை என்று படிக்கிற மரியாதையை எங்களுக்கும் கொடுங்கள். சாட்சி வேண்டுமென்றால் கோர்ட்டுக்கு வாருங்கள். அங்கேதான் 22 வருசம் நாங்கள் நின்றோம், நீங்கள் வரவில்லை.

எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு: காதல் கதை எழுதுங்கள். காலனியைக் காலனி என்று எழுதுங்கள். முத்தத்தையும் எழுதுங்கள், வாடகை அட்வான்சையும் எழுதுங்கள். நிச ஆட்களின் ஊரை, தொழிலை, பிள்ளையை மாற்றி எழுதுங்கள், அது பொய் ஆகாது, காவல். கொல்வதற்கு அவர்களிடம் ஆள் இருக்கிறது. கதையிலும் கொன்று நாம் அவர்களுக்குக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டாம்.

எங்கம்மா திரும்பி வந்ததும் கேட்டார், “என்னா சொன்னாங்க?” என்று. “கதையில அவங்க பொழச்சிக்கினத நம்ப முடியலன்னாங்கம்மா” என்றேன். அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்காமல் சொன்னார்: “நம்பறதுக்கு அவங்க யாரு?”